சொத்தை விழாத பல்லும் விழும்

பல் இம்பிளாண்ட் பொருத்திக்கொண்டு வீடு திரும்பும் பெரியவர்கள் அடிக்கடி சொல்வது இது: “உலோகம்தானே, இனிமேல் சொத்தை விழாது. கவலை விட்டது.” முதல் பாதி முழு உண்மை. டைட்டானியம் சொத்தையாகாது. பற்சிப்பியைக் கரைக்கும் அமிலத்தால் அதை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். பல ஆயிரம் ரிங்கிட் செலவழித்துப் பொருத்திய இம்பிளாண்ட், சொத்தை இல்லாமலே, பெரும்பாலும் வலியும் இல்லாமலே, ஒருநாள் ஆடி விழக்கூடும்.

அது எப்படி நடக்கிறது என்பதற்கான பதிலில் ஒரு முக்கியப் பகுதி இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத் தமிழர்களின் வாயிலிருந்து கிடைத்தது. அங்கே போவதற்கு முன், நமக்குப் பக்கத்திலுள்ள பத்து காவானைக் கொஞ்சம் பார்ப்போம்.

மூடிய அறையும் திறந்த வாசலும்

பினாங்கின் இரண்டாவது பாலம் 2014-இல் திறக்கப்பட்ட பிறகு பத்து காவானின் முகம் வேகமாக மாறிவிட்டது. ஒரு காலத்தில் கரும்பு விளைந்த தோட்ட நிலத்தில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் ‘தோட்டம்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தொழிற்பேட்டையில் மருத்துவக் கருவி செய்யும் நிறுவனங்களும் உள்ளன. அவற்றில் ஒன்றான ஸ்மித் அண்ட் நெஃப்யூ 2022-இல் திறந்த தொழிற்சாலை, எலும்பு மூட்டு அறுவை சிகிச்சைக்கான பொருள்களுக்காகவே கட்டப்பட்டது.

முழங்கால் மூட்டில் பொருத்தும் செயற்கை மூட்டையும் வாயில் பொருத்தும் இம்பிளாண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் எலும்போடு பிணைந்து நிற்கும் உலோகம். ஆனால் முழங்கால் மூட்டு உள்ளே போனதும் மருத்துவர் தோலைத் தைத்து மூடிவிடுகிறார். அது கிருமி இல்லாத மூடிய அறையில் இருக்கிறது. பல் இம்பிளாண்டுக்கு அந்த வசதி இல்லை. அதன் ஒரு முனை தாடை எலும்பில், மறுமுனை வாய்க்குள். நடுவில் ஈறு. வாயில் வாழும் பாக்டீரியாக்களில் 700-க்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. எலும்புக்கும் அந்தக் கூட்டத்துக்கும் இடையே இருக்கும் ஒரே கதவு, உலோகத்தின் கழுத்தை அணைத்து நிற்கும் சில மில்லிமீட்டர் ஈறுதான். இம்பிளாண்டின் ஆயுள் அந்தக் கதவைப் பொறுத்தது.

முயலின் காலில் ஒட்டிக்கொண்ட உலோகம்

எலும்பு உலோகத்தோடு ஒட்டும் என்பதே தற்செயலாகத் தெரியவந்த செய்தி. சுவீடன் நாட்டு மருத்துவ ஆய்வாளர் பெர்-இங்வார் பிரானமார்க், 1952-இல் எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, முயலின் காலெலும்பில் டைட்டானியத்தால் ஆன சிறு பார்வைக்குழாய் ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும் அதைக் கழற்றி அடுத்த முயலுக்குப் பயன்படுத்தப் பார்த்தார். கழற்றவே முடியவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது.

காற்றுப்பட்ட நொடியிலேயே டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். எலும்புச் செல்கள் தொடுவது உலோகத்தை அல்ல, இந்தப் படலத்தைத்தான். உடல் அதை அந்நியப் பொருளாக விரட்டாமல், அதை ஒட்டியே புதிய எலும்பைக் கட்டுகிறது. (டைட்டானியம் நமக்கு அவ்வளவு தூரத்துப் பொருளும் அல்ல. பேராக்கின் ஈயச் சுரங்கக் கழிவான ‘அமாங்’கிலும், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலிலும் அதன் தாதுவான இல்மனைட் இருக்கிறது.)

1965-இல் பிரானமார்க் முதல் நோயாளிக்கு இதைப் பொருத்தினார். தாடைக் குறைபாட்டால் அவதிப்பட்ட கோஸ்தா லார்சன் என்பவர் அவர். 2006-இல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அந்த இம்பிளாண்டுகள் அவர் வாயில் வேலை செய்தன. ஆகவே நீண்ட ஆயுள் கனவு அல்ல. ஆனால் தானாக வருவதும் அல்ல.

பொருத்தும்போதே எலும்பைப் பாதுகாக்க வேண்டும் என்பதும் பின்னர் தெரிந்தது. 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புக்குச் சேதம் தொடங்குகிறது என்று 1980-களின் ஆய்வுகள் காட்டின. தாடையில் துளையிடும்போது உப்புநீரை விடாமல் பீய்ச்சுவது அதனால்தான்.

உலோகத்துக்கு இல்லாத ஒன்று

இயற்கைப் பல் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. இரண்டு மூன்று தலைமுடியின் கனம். அதற்குள் ஆயிரக்கணக்கான நார்கள், ஊஞ்சல் கயிறுகள்போல், பல்லைத் தொங்கவிட்டுத் தாங்குகின்றன. இதைப் பல்சூழ் நார் என்போம். சோற்றில் சிறு கல் ஒன்று கடிபட்டதும் தாடை தானாக நின்றுவிடுகிறதே, அந்தச் செய்தியை மூளைக்கு அனுப்புவது இந்த நார்களுக்குள் இருக்கும் நரம்பு முனைகள். பல்லைச் சுற்றியுள்ள ஈற்றுக்கு இரத்தம் வரும் வழிகளில் ஒன்றும் இதுதான். ஈற்றின் நார்கள் வேரின் மேற்பரப்புக்குள் குறுக்காகப் புதைந்து, சுவரில் ஆணி அடித்ததுபோல் பிடித்திருக்கும்.

இம்பிளாண்டில் பல்சூழ் நார் கிடையாது. அதைச் சுற்றியுள்ள ஈற்று நார்கள் உலோகத்துக்குள் புதைய முடியாமல் அதன் ஓரமாகவே ஓடுகின்றன, சட்டைக் கழுத்துப்பட்டி கழுத்தைச் சுற்றியிருப்பதுபோல். பிடிப்பு குறைவு, இரத்த ஓட்டம் குறைவு, எச்சரிக்கும் நரம்பும் குறைவு. இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

உங்கள் வயதுக்கு நேராகத் தொடர்புள்ள இரண்டு செய்திகளையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இயற்கைப் பல், தாடை வளர வளர அதோடு சேர்ந்து நகரும். எலும்போடு இறுகிய இம்பிளாண்ட் நகராது. பதினான்கு வயதில் பொருத்தினால், சில ஆண்டுகளில் மற்றப் பற்கள் இறங்கிவர, அது மட்டும் உள்ளே பதுங்கியதுபோல் நின்றுவிடும். ஆகவே தாடை வளர்ச்சி முடியும்வரை பொதுவாக இம்பிளாண்ட் பொருத்துவதில்லை.

இன்னொன்று, பந்து விளையாட்டில் முன்பல் வேரோடு கழன்று விழுந்தால் செய்ய வேண்டியது. அது பால்பல்லாக இல்லாவிட்டால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ நீரிலோ சில நொடிகள் மட்டும் அலசுங்கள், தேய்க்காதீர்கள். முடிந்தால் குழியிலேயே திரும்ப வைத்துத் துணியைக் கடித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் போங்கள். வேரில் ஒட்டியிருக்கும் அந்த 0.2 மில்லிமீட்டர் நாரின் செல்கள் உலர்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் இறந்துவிடும். அவற்றைக் காப்பாற்றினால் பல்லைக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

டன்சினன் தோட்டத்து 480 பேர்

இனி மலையகம். நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். அதே ஊர்களிலிருந்து கிளம்பிய வேறு பலர் இலங்கைக்குப் போய்த் தேயிலை மலைகளில் குடியேறினார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வேலை செய்த டன்சினன், ஹெரோ என்ற இரு தோட்டங்களில், ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு அறிவியலாளரின் குழு 1970-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 480 ஆண் தொழிலாளர்கள். மிக இளையவருக்கு 14 வயது. இவர்களுக்குப் பல் துலக்கும் பழக்கம் ஏறக்குறைய இல்லை. பல் மருத்துவ வசதியும் கிடையாது. ஒப்பிடுவதற்காக ஓஸ்லோ நகரின் மாணவர்களும் கல்வியாளர்களுமான 565 பேரை இதே குழு ஓராண்டுக்கு முன்பே பரிசோதிக்கத் தொடங்கியிருந்தது. அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே பல் மருத்துவம் கிடைத்து வந்தது.

வியப்பு முதலிலேயே காத்திருந்தது. தோட்டத் தொழிலாளர்களிடம் சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை! ஆனால் எல்லார் பல்லிலும் கறையும் காரையும் கெட்டியாகப் படிந்து, ஈறு வீங்கியிருந்தது. பல்லை ஈறும் எலும்பும் பிடித்திருக்கும் இடம் வேரின் கீழ்நோக்கி எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளந்தார்கள். நாற்பது வயதை நெருங்கும்போது ஓஸ்லோக்காரர்களுக்கு அது சராசரியாக 1.5 மில்லிமீட்டர். தோட்டத் தொழிலாளர்களுக்கு 4.5.

1985 வரை தொடர்ந்து பரிசோதித்து, அடுத்த ஆண்டு வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியமானது. ஒரே தோட்டம், ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி துலக்காத வாய். ஆனாலும் எல்லாருக்கும் ஒரே கதி ஏற்படவில்லை. நூற்றுக்கு 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் போகவே இல்லை. 81 பேருக்கு மெதுவாக முன்னேறியது. மீதி 8 பேருக்கு நோய் காட்டுத்தீயாகப் பரவி, இருபது வயதிலேயே பற்கள் விழத் தொடங்கி, 45 வயதுக்குள் எல்லாப் பற்களும் போயின. சொத்தை ஒன்றுகூட இல்லாத பற்கள்!

பல்லை விழவைக்க இரண்டு தனித்தனி வழிகள் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வும் காட்டியதில்லை என்பது என் எண்ணம். ஒன்று, பல்லையே கரைக்கும் சொத்தை. இன்னொன்று, பல்லைத் தொடாமல் அது நிற்கும் நிலத்தை அரிக்கும் பல்சூழ் நோய். பினாங்குக் குழாய்நீரில் கலக்கப்படும் ஃபுளோரைடு முதல் வழியை அடைக்க உதவுகிறது. இரண்டாவதற்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. டைட்டானியமும் அப்படியே: முதல் வழி முழுக்க மூடப்பட்டது, இரண்டாவது அகலத் திறந்திருக்கிறது.

இந்தத் தொழிலாளர்களின் வாய் உலகெங்கும் பல் மருத்துவப் பாடநூல்களில் இடம்பிடித்துவிட்டது. 2010-இல் ஆய்வாளர்கள் மீண்டும் தேடிப்போய் 75 பேரைப் பரிசோதித்தார்கள். நாற்பது ஆண்டு உலகுக்குப் பாடம் சொன்னவர்களுக்குப் பதிலாக என்ன கிடைத்தது என்ற கேள்வியை நாம் கேட்காமல் கடந்து போகக்கூடாது.

இனி ஒரு கணக்கு. தாத்தாவுக்குப் பற்கள் ஏன் விழுந்தன? பல்சூழ் நோயால் என்றால், அவர் மெதுவாகவோ வேகமாகவோ அரிக்கப்படும் கூட்டத்தைச் சேர்ந்தவர். பல் போய்விட்டது, ஆனால் அவர் உடலின் எதிர்வினை மாறவில்லை, வாயிலுள்ள பாக்டீரியாவும் வீடு மாறவில்லை. அதே வாயில்தான் இம்பிளாண்ட் வைக்கிறோம். முன்பு பல்சூழ் நோய் கடுமையாக இருந்தவருக்கே இம்பிளாண்டைச் சுற்றி நோய் வரும் ஆபத்து அதிகம் என்பது இன்று நன்கு நிறுவப்பட்ட செய்தி. இம்பிளாண்ட் தேவைப்படுபவர்களில் பலர் ஏற்கெனவே ஆபத்துப் பட்டியலில் இருப்பவர்கள்தான்.

மூன்று வாரம் துலக்காமல்

இதே ஹரால்ட் லோ 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் இன்னொரு சோதனை செய்திருந்தார். ஈறு நலமாக இருந்த 12 பேரைத் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கிய ஒரு வாரத்தில் சரியானது. குற்றவாளி பற்களின் மேல் படியும் பாக்டீரியாப் படலமே என்பது அன்று உறுதியானது.

இம்பிளாண்ட் வைத்தவர்களிடமும் பின்னாளில் இதே சோதனை நடந்தது. மூன்று வாரம் துலக்காதபோது உலோகத்தைச் சுற்றிய ஈறும் அதேபோல் வீங்கியது. ஆனால் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று வாரம் ஒழுங்காகத் துலக்கிய பிறகும் அது முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிடிப்புக் குறைந்த கதவு என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்.

ஈறு மட்டும் சிவந்து, தொட்டால் இரத்தம் கசியும் இந்த முதல் கட்டம் திருத்தக்கூடியது. விட்டுவிட்டால் அடுத்த கட்டம். வீக்கம் கீழே இறங்கி, இம்பிளாண்டைச் சுற்றிலும் கிண்ணம்போல் எலும்பு கரைகிறது. இதைப் பெரி-இம்பிளாண்டைட்டிஸ் என்கிறார்கள். இதில் மோசமான தந்திரம் ஒன்று இருக்கிறது. இயற்கைப் பல் எலும்பு குறையக் குறைய மெல்ல ஆடத் தொடங்கி நம்மை எச்சரிக்கும். இம்பிளாண்டோ கீழே மிச்சமிருக்கும் எலும்போடு இறுகியிருப்பதால், பாதி எலும்பு போன பிறகும் கல்போல் நிற்கும். வலியும் பெரிதாக இருக்காது. அது ஆடும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். போன எலும்பை மீட்பது கடினம். பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். (மேலே உள்ள செயற்கைப் பல் மட்டும் ஆடினால் பயப்பட வேண்டாம், உள்ளே திருகு தளர்ந்திருக்கலாம். இதற்கும் உடனே போகத்தான் வேண்டும்.)

இது அரிதான நோயும் அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, இம்பிளாண்ட் வைத்தவர்களில் சராசரியாக நூற்றுக்கு 43 பேருக்கு முதல் கட்டமும் 22 பேருக்கு இரண்டாம் கட்டமும் இருந்தன.

பிரேசிலில் 80 பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு நம்பிக்கை தருகிறது. எல்லாருமே தொடக்கத்தில் முதல் கட்டத்தில் இருந்தவர்கள். பல் மருத்துவரிடம் ஒழுங்காகப் பராமரிப்புக்குப் போனவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு எலும்பு கரையும் நோய் வந்தது. போகாதவர்களில் 44 பேருக்கு.

பராமரிப்பு என்றால் என்ன?

முதலில் வீடு. நாளுக்கு இருமுறை மென்மையான பிரஷ்; அதன் முடி, பல்லின் நடுவில் அல்ல, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் படவேண்டும். பக்கத்துப் பல்லோடு உள்ள இடுக்குக்குள் சாதாரண பிரஷ் நுழையாது. அதற்கென்று சிறிய இடுக்குப் பிரஷ் மருந்துக் கடைகளில் கிடைக்கும். நடுக்கம்பி பிளாஸ்டிக் பூசியதாக இருந்தால் உலோகத்தைக் கீறாது. எந்த அளவு பொருந்தும் என்பதைப் பல் மருத்துவரே காட்டட்டும். மரக்குச்சியால் குத்துவது இதற்கு மாற்று அல்ல.

கிளினிக்கில் நடப்பது வேறு. நுனி மழுங்கிய மெல்லிய அளவுகோல் ஒன்றை ஈற்றோரம் மெதுவாக விட்டு, ஆழத்தையும் இரத்தக் கசிவையும் பார்ப்பார்கள். செயற்கைப் பல் பொருத்திய நாளில் எடுத்த எக்ஸ்ரேயோடு இன்றைய எக்ஸ்ரேயை ஒப்பிட்டால், எலும்பு இறங்கியிருக்கிறதா என்று தெரியும். முதல் படம் இல்லையென்றால் ஒப்பிட ஒன்றுமே இல்லை. செயற்கைப் பல்லைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தால், வழிந்த சிமெண்ட் ஈற்றுக்கடியில் ஒளிந்து பாக்டீரியாவுக்கு வீடாகலாம், அதையும் தேடுவார்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போகவேண்டியிருக்கலாம்.

வாய்க்கு வெளியே இருக்கும் காரணங்களில் நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது நீரிழிவு. 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, இனிப்புநீர் இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது கிருமியை எதிர்க்கும் திறன் குறைகிறது, ஆறுவதும் தாமதமாகிறது. புகைப்பிடித்தால் ஈற்றுக்குப் போகும் இரத்தம் குறைந்து, நோய் இருந்தும் இரத்தம் கசியாமல் மறைந்துபோகலாம். எச்சரிக்கை மணியின் கம்பியைத் துண்டித்ததுபோல. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களும் இதைத் தங்களுக்கில்லை என்று தள்ளிவிட முடியாது. அதில் வாய்ப்புற்றுநோய் ஆபத்தும் சேர்ந்திருக்கிறது.

வீட்டில் யாருக்காவது இம்பிளாண்ட் இருந்தால், அவர் நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாகப் பல் மருத்துவரிடம் போனது எந்த மாதம்? துலக்கும்போது அந்த இடத்தில் இரத்தம் வருகிறதா? முதல் எக்ஸ்ரே எங்கே இருக்கிறது? மூன்றாவதற்குப் பெரும்பாலும் “கிளினிக்கில்தான் இருக்கும்” என்ற பதில் வரும். அடுத்த முறை போகும்போது அதன் படி ஒன்றைக் கேட்டு வாங்கி, இம்பிளாண்டின் நிறுவனப் பெயர், அளவு, பொருத்திய தேதி ஆகியவற்றையும் எழுதி, தாத்தாவின் சர்க்கரை மருந்துச் சீட்டு இருக்கும் அதே கோப்பில் வைத்துவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவர் அந்தத் திருகைக் கழற்ற நேர்ந்தால், எந்தச் சாவி பொருந்தும் என்பதை அந்தச் சீட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.